ஆலை கொடுத்ததும் ஆலை விட்டதும்

வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆலைகளைப் பற்றியவை. தென்னாப்பிரிக்காவில் டர்பனின் தென்பகுதியில் பிறந்து, அங்கேயே ஓர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஆசிரியர் எல்லாக் கடிதங்களையும் என்னிடம் அனுப்பிவிட்டார். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன்.

அக்கா, நான் ஒரு கோயில் கமிட்டியின் செயலாளர். ஆடி மாதக் கூழ் பூசைக்கு அன்னதானச் செலவு முழுவதையும் ஏற்பதாகப் பக்கத்து ஆலையில் சொல்கிறார்கள். பதிலுக்கு வாசலில் அவர்கள் பெயர் போட்ட பேனர் ஒன்று கட்ட வேண்டுமாம். பெரியவர்கள் வாங்கலாம் என்கிறார்கள், பிள்ளைகள் கூடவே கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?
– மெர்பேங்க் வாசகர்

தம்பி, நான் பிள்ளைகள் பக்கம். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் பெரியவர்களிடம் போய் வேண்டாம் என்றால் மனம் நோகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் ஆலையும் மக்களும் எப்படிப் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வென்ட்வொர்த்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1954இல் ஓடத் தொடங்கியது. விமான நிலையத்தை ஒட்டி இரண்டாவது ரிஃபைனரி 1960களில் வந்தது. அதே காலத்தில்தான் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பெயரால் இந்தியக் குடும்பங்களை மெர்பேங்கிலும் கலப்பினக் குடும்பங்களை வென்ட்வொர்த்திலும் கொண்டுவந்து வைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் காகித ஆலையும் வந்துவிட்டது. இந்த அக்கம்பக்கத்தை நம்மவர்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் ஆலைக்கு நம்மிடம் உள்ள பொறுப்பு, மனம் வந்து செய்யும் தர்மத்தில் சேராது. அது பழைய கடன்.

நான் வேலை பார்த்த இடத்தில் நன்கொடைப் பணம் மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்தது. புகைபோக்கி வழியாக என்ன போகிறது என்ற கணக்கு எங்கள் ஆய்வகத்தில் இருந்தது. இரண்டும் வேறு வேறு கட்டடம். பள்ளிக்கு ஜெர்சி கொடுக்கிற விழாவுக்குப் போகிறவர்களுக்கு அந்த வாரம் எவ்வளவு கந்தகம் வெளியே போனது என்று தெரியாது. எங்களுக்கோ ஜெர்சி எந்தப் பள்ளிக்குப் போனது என்று தெரியாது. ஆண்டறிக்கையில் மட்டும் இரண்டும் அடுத்தடுத்த பக்கத்தில் வரும். ஜெர்சிக்குப் பெரிய படம் இருக்கும், கந்தகத்துக்குச் சின்ன அட்டவணை இருக்கும்.

ஆகவே கமிட்டியில் இப்படிப் பேசிப் பாருங்கள். கூழும் அன்னதானமும் வீட்டுக்கு வீடு ஒரு படி அரிசி, ஒரு கிலோ பருப்பு என்று வந்து சேர்ந்துதான் இத்தனை வருடமாக நடக்கிறது. அது அப்படியே நடக்கட்டும். ஆலைக்காரர்களுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள்: “உங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. பேனர் கட்டும் இடத்தில், காற்றில் உள்ள கந்தக டை ஆக்சைடு அளவை நேரடியாகக் காட்டும் மின்பலகை ஒன்றை உங்கள் செலவில் வைத்துத் தாருங்கள். கருவியை மாநகராட்சி பராமரிக்கட்டும்.” அதற்கு என்ன பதில் வருகிறதோ அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். பெரியவர்களுக்கும் அது போதும்.

பெரியவர்கள் பிடிவாதமாக இருந்து பணத்தை வாங்குவதென்றே முடிவானால், ஒன்றை மட்டும் விடாதீர்கள். நன்கொடை வாங்கியதால் கமிட்டியில் யாரும் ஆலையைப் பற்றிப் புகார் கொடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதி, அதன் நகலை ஆலைக்கும் அனுப்புங்கள்.

ஆன்ட்டி, மகனுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா பம்ப் இல்லாமல் வெளியே விட முடியவில்லை. சில ராத்திரி தீக்குச்சி உரசினது போல நாற்றம் வரும், அன்றைக்கு இருமல் அதிகம். போன் செய்தால் “எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது” என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்களா?
– டர்பன் தென்பகுதி வாசகி

முதலில் பிள்ளையைப் பார்ப்போம் கண்ணு. நீல நிறப் பம்ப், மூச்சு முட்டும்போது மூச்சுக்குழாயை உடனே திறந்துவிடுவதற்கு. தினமும் எடுக்க வேண்டிய தடுப்புப் பம்ப் வேறு. நம் பக்கம் நிறைய வீடுகளில் நீலம் மட்டும்தான் இருக்கிறது. மகனுக்கு இரண்டாவது தேவையா என்று கிளினிக்கில் இந்த வாரமே கேளுங்கள்.

அவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. “அனுமதித்த அளவு” என்பதற்குள் பல அளவுகள் இருக்கின்றன. புகைபோக்கியின் வாயில் எவ்வளவு இருக்கலாம் என்பது ஒன்று. அது ஆலையின் உரிமத்தில் இருக்கும். உங்கள் வீட்டு வாசலில் காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்பது இன்னொன்று. அதை நாடு முழுவதற்கும் அரசு வகுத்திருக்கிறது. முதலாவதில் பாஸ் ஆகி இரண்டாவதில் ஃபெயில் ஆகலாம், ஏனென்றால் உங்கள் வாசலுக்கு வருவது ஓர் ஆலையின் புகை மட்டும் இல்லை.

அடுத்து நேரக்கணக்கு. கந்தக டை ஆக்சைடுக்கு நம் நாட்டில் நான்கு வரம்புகள் உண்டு. ஒரு கனமீட்டர் காற்றில் பத்து நிமிடச் சராசரி 500 மைக்ரோகிராம், ஒரு மணி நேரச் சராசரி 350, ஒரு நாள் சராசரி 125, ஆண்டுச் சராசரி 50. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ராத்திரி பத்து நிமிடம் 900 வரை போகிறது, அந்த மணியின் மீதி ஐம்பது நிமிடம் 100தான் என்று வைத்துக்கொள்வோம். மணிச் சராசரி 233 வரும். 350க்குள் இருக்கிறது, சரி. ஆனால் பத்து நிமிட வரம்பைத் தாண்டியாகிவிட்டது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடமே போதும், நெஞ்சு இறுகிவிடும். அதோடு, பத்து நிமிட வரம்பை ஆண்டுக்கு 526 தடவை மீறலாம் என்று சட்டமே இடம் தருகிறது. வருடத்தில் உள்ள பத்து நிமிடத் துண்டுகளில் அது நூற்றுக்கு ஒன்று. ஆகவே போனில் பேசுகிறவர் மனசாட்சியோடு “அளவுக்குள்தான்” என்று சொல்லலாம், உங்கள் பிள்ளை அதே ராத்திரி திணறலாம். இரண்டும் உண்மை. இந்த அநியாயம் எனக்கு வேலையில் சேர்ந்த காலத்திலிருந்தே நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

ஏன் திடீரென்று ஏறுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். கச்சா எண்ணெயில் கந்தகம் இருக்கும். அதை ஹைட்ரஜன் சல்பைடாகப் பிரித்து, கந்தக மீட்பு யூனிட்டுக்கு அனுப்பி, மஞ்சள் கந்தகமாக எடுத்து விற்பார்கள். அந்த யூனிட் நின்றுபோனால் வாயுவை எங்காவது எரித்தாக வேண்டும், ஃப்ளேர் என்ற எரிகோபுரத்துக்குப் போகும். அங்கே எரிந்து கந்தக டை ஆக்சைடாகி நம் பக்கம் வரும். சாதாரணமாகப் பல நாட்களில் போவது இப்படி ஒரே ராத்திரியில் போய்விடும். அதனால் “சராசரி எவ்வளவு” என்று கேட்காதீர்கள். “போன மாதம் கந்தக யூனிட் எத்தனை தடவை நின்றது, ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி நேரம், அப்போது உற்பத்தியைக் குறைத்தீர்களா” என்று கேளுங்கள். உள்ளே இருந்தவள் சொல்கிறேன், இந்தக் கேள்வி வந்தால் போனை எடுத்தவர் மேலதிகாரியைக் கூப்பிடுவார்.

நாற்றத்தையும் எழுதி வையுங்கள். தீக்குச்சி நெடி கந்தக டை ஆக்சைடு, அழுகிய முட்டை ஹைட்ரஜன் சல்பைடு, பெட்ரோல் பங்க் வாசனை ஆவியாகும் எண்ணெய்ப் பொருட்கள். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், பிள்ளை எத்தனை தடவை பம்ப் எடுத்தான் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் தெருவில் நாலு வீடு இப்படி எழுதினால் மாநகராட்சியின் காற்றுத் தர அலுவலகம் அதை ஒதுக்கிவைக்க முடியாது.

நம் ஊரில் இப்படித்தான் தொடங்கினார்கள். தென் டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்புக்காரர்கள் 2000இல் பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அப்புறம் நட்டால் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இரண்டு ரிஃபைனரிகளுக்கும் இடையில் இருக்கும் செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளியில் ஆய்வு செய்தன. மாணவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு நிலையில் ஆஸ்துமா இருந்தது. அதற்கு முன் தாய்மார்கள் சொன்னபோது “இது பரம்பரை, வீட்டுத் தூசி” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த எண் வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

அம்மா, இங்கே இந்தியாவில் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் அப்படி உண்டா? அதனால் பயன் இருக்கிறதா?
– தூத்துக்குடி வாசகர்

இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தைச் சொல்கிறீர்கள். குறிப்பிட்ட அளவுக்குப் பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை ஒதுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இங்கே அப்படி நேரடிச் சட்டம் இல்லை. கறுப்பின மக்களின் பொருளாதார மேம்பாட்டுக்கான மதிப்பெண் முறையில் வரிக்குப் பிந்தைய லாபத்தில் 1 சதவீதம் சமூகச் செலவு என்று ஓர் இலக்கு உண்டு. செய்தால் மதிப்பெண், அவ்வளவுதான். ஆனால் சுரங்கங்களுக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானது. “சமூக, தொழிலாளர் திட்டம்” ஒன்றை எழுதிக் கொடுத்தால்தான் உரிமம் கிடைக்கும். எழுதிக் கொடுத்ததைச் செய்வது சட்டக் கடமை.

பயன் உண்டா என்கிறீர்கள். மரிக்கானாவைப் பாருங்கள். லோன்மின் கம்பெனி தன் பிளாட்டினம் சுரங்கத் தொழிலாளர்களுக்கு 5,500 வீடு கட்டித் தருவதாக அந்தத் திட்டத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. கெடு முடிந்தபோது மூன்று மாதிரி வீடுகள்தான் நின்றன. தகரக் குடிசைகளில் இருந்த தொழிலாளர்கள் 2012இல் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்ட் 16 அன்று போலீஸ் சுட்டதில் 34 பேர் இறந்தார்கள். வீடுகள் ஏன் வரவில்லை என்பதைப் பின்னர் விசாரணை ஆணையமும் கேட்டது. உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் அரசிடம் இருந்தும் அதை நேரத்தில் பயன்படுத்தவில்லை. சட்டத்தில் சதவீதம் எவ்வளவு என்பதைவிட, கெடு தவறிய அடுத்த மாதம் யார் போய்க் கேட்டார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 2018 மே 22இல் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து நின்றவர்களைப் போலீஸ் சுட்டதை நாங்களும் இங்கே டிவியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஆலை ஆயிரம் மரம் நட்டிருக்கிறது. அது புகைக்கு ஈடாகுமா?
– ஐசிபிங்கோ வாசகர்

கந்தகத்துக்கு ஆகாது. கரியமில வாயுவுக்கும், மரம் வளர்ந்து நிலைத்து நின்றால் காலப்போக்கில் கொஞ்சம், அவ்வளவே. நிழலுக்கு நல்லது. தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேட்டு வையுங்கள்.

அக்கா, என் வீட்டுக்காரர் உருக்காலையில் வேலை செய்கிறார். புகையைப் பற்றி வாயைத் திறந்தால் “ஆலையை மூடிவிடுவார்கள், அப்புறம் சோறு எங்கே” என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்மேல் பாய்கிறார்கள். நான் பேசுவது தப்பா?
– நியூகாசில் வாசகி

தப்பே இல்லை. ஆனால் அவர்கள் பயமும் உண்மையான பயம். அதை ஒதுக்கிவிட்டுப் பேசக்கூடாது. என் அப்பாவும் அந்தப் பயத்தோடுதான் வேலைக்குப் போனார்.

உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஆர்செலர்மிட்டல் கம்பெனி நியூகாசில், ஃபெரீனிகிங் ஆலைகளில் கம்பி, தண்டவாளம் போன்ற நீள்வகை உருக்கு உற்பத்தியை மூடப்போவதாக 2023 நவம்பரில் முதலில் சொன்னது. தள்ளிப்போட்டது. 2025 ஜனவரியில் மறுபடி அறிவித்தது. ஏறத்தாழ 3,500 வேலை போகும் என்றார்கள். அதன் பிறகும் தேதி மாறிக்கொண்டே இருந்தது. கம்பெனி சொன்ன காரணங்கள் இவை: தேவை குறைவு, மின்கட்டணம், ரயில் போக்குவரத்துச் சிக்கல், மலிவான இறக்குமதி, பழைய இரும்பை உள்ளூர்ச் சிறு ஆலைகளுக்கு மலிவாகத் தரும் அரசின் கொள்கை. பக்கத்து வீட்டுப் பெண் புகையைப் பற்றிப் பேசினாள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இதை உங்கள் தெருவில் நிதானமாகச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லலாம். 1995இல் அதிபர் மண்டேலா வென்ட்வொர்த் ரிஃபைனரியின் விரிவாக்கத்தைத் திறந்துவைக்க வந்தார். வாசலில் மக்கள் தட்டிகளோடு நின்றார்கள். அவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து என்னவென்று கேட்டார். அதிலிருந்துதான் அரசு, ஆலை, மக்கள் மூன்றும் ஒரே மேசையில் உட்காரும் பேச்சு சூடுபிடித்தது. 2000இல் தென் டர்பனுக்கென்று காற்று மாசைக் குறைக்கும் பன்முகத் திட்டம் வந்தது, அளவுமானிகள் வந்தன, எரிபொருளை மாற்றினார்கள். கந்தக டை ஆக்சைடு நன்றாகவே குறைந்தது. அந்த ஆண்டுகளில் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வென்ட்வொர்த்தின் பாய்லர் மேக்கர்களுக்கும் வெல்டர்களுக்கும், பராமரிப்புக்காக ஆலையைச் சில நாள் நிறுத்தும்போது வரும் ஷட்டவுன் வேலை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த ரிஃபைனரிகள் பின்னால் நின்றது வேறு கதை. வென்ட்வொர்த்தில் உள்ள எஞ்சென் ஆலையில் 2020 டிசம்பர் 4 காலையில் வெடிப்பு ஏற்பட்டது. பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்கும் தீ பரவியது. மறு ஆண்டு, இனி சுத்திகரிப்பு இல்லை, எண்ணெய் சேமிப்பு முனையமாக மாற்றுகிறோம் என்றார்கள். இரண்டாவது ரிஃபைனரியான சாப்ரெஃப் 2022 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்தியது. ஏப்ரல் வெள்ளம் அதை மூழ்கடித்தது. பழைய ஆலையைப் புதிய எரிபொருள் தரத்துக்கு மாற்ற ஆகும் செலவு முதலாளிகளின் கணக்கில் இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. அந்தச் செலவைப் பல ஆண்டு தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரே நாளில் கதவைச் சாத்தும்போது தெருவில் நிற்பவர்கள் தொழிலாளர்கள்தான். காற்றைச் சுத்தமாக்கப் பணம் போடுகிற கம்பெனி அந்த ஊரில் இன்னும் இருபது வருடம் இருக்க நினைக்கிறது. போடாத கம்பெனியைப் பற்றித்தான் நான் பயப்படுவேன்.

வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள். நிலக்கரியைச் சுட்டுக் கோக் என்ற கரி எடுக்கும் கோக் அடுப்புப் பக்கம் வேலையா? கோக் உற்பத்திப் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் சேர்த்திருக்கிறது. வேலிக்கு வெளியே வரும் புகையை வேலிக்கு உள்ளே அவர்தான் முதலில் சுவாசிக்கிறார். ஆண்டுதோறும் மூச்சுப் பரிசோதனை நடக்கிறதா, ரிப்போர்ட்டின் நகல் அவர் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். ஆலை கைமாறினாலும் மூடினாலும் பின்னால் நஷ்டஈடு கேட்க அந்தக் காகிதம்தான் உதவும்.

பெரிய அளவில் ஆள்குறைப்பு வந்தால் தொழிலாளர் சட்டத்தின் 189ஏ பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து 60 நாள் பேச்சு நடத்த வேண்டும். சங்கம் அங்கே சம்பளக் கணக்கை மட்டும் பேசி முடித்துவிடும். ஊர்க்காரர்களும் அந்த நேரத்தில் நகராட்சியைக் கூட்டம் போடச் சொல்லுங்கள்.

ஆன்ட்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கணக்கியல் படிக்கிறேன். கம்பெனிகளின் நிலைத்தன்மை அறிக்கைகளில் எதைப் பார்த்து நம்புவது?
– கல்லூரி மாணவி

இந்த நாட்டுக்கு இதில் நல்ல பெயர் உண்டு. 1994இல் தொடங்கிய கிங் குழுவின் அறிக்கைகள் கம்பெனி நிர்வாகத்துக்கு வழிகாட்டின. 2009இல் வந்த மூன்றாவது அறிக்கை, லாபக் கணக்கையும் சமூக, சுற்றுச்சூழல் கணக்கையும் ஒரே அறிக்கையாகத் தரச் சொன்னது. ஜோஹானஸ்பர்க் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் அதைப் பின்பற்ற வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று விளக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. ஆகவே காகிதம் நிறைய கிடைக்கும்.

நான் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பேன். முதலில் மரணங்கள். சொந்த ஊழியர்கள் எத்தனை, கான்ட்ராக்டர் ஆட்கள் எத்தனை என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்களா? ஆபத்தான வேலைகளில் பெரும்பங்கை இப்போது கான்ட்ராக்டர்கள்தான் செய்கிறார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காத அறிக்கை என் கணக்கில் அறிக்கையே இல்லை. அடுத்து, புகை குறைந்தது என்று சொன்னால் மொத்த டன்னில் குறைந்ததா, ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு என்ற விகிதத்தில் குறைந்ததா என்று பார். விகிதம் குறைந்து மொத்தம் ஏறியிருக்கலாம். நம் நுரையீரலுக்கு வருவது மொத்தம். போன வருட அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள். தளங்களின் எண்ணிக்கை, அளக்கும் முறை, ஒப்பிடும் ஆண்டு ஏதாவது மாறியிருந்தால் அங்கே ஒரு பென்சில் கோடு போடு. அப்புறம் நிதி அறிக்கையில் சுத்தப்படுத்துவதற்கான ஒதுக்கீடு எவ்வளவு என்று பார். நீ கணக்கியல் படிக்கிறாய் அல்லவா, அந்த ஒரு வரியில் ஆலையின் எதிர்காலம் இருக்கிறது.

கார்பன் வரியைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தால் அதையும் சரிபார். 2019 ஜூன் 1இல் தொடங்கியபோது டன்னுக்கு 120 ரேண்ட் என்றார்கள். வரிச் சலுகைகள் போக உண்மையில் கட்டியது 6 முதல் 48 ரேண்ட்.

அறிக்கையில் இல்லாததைக் கேட்கவும் வழி இருக்கிறது. ஆர்செலர்மிட்டலின் ஃபான்டர்பைல்பார்க் உருக்காலைக்குப் பக்கத்தில் நிலத்தடி நீர் கெட்டு, ஸ்டீல் வேலி (Steel Valley) என்ற ஊரே காலியானது. மண்ணும் நீரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கம்பெனி 2003இல் தனக்கென்று ஒரு பெரிய திட்ட அறிக்கை தயாரித்து வைத்திருந்தது. வால் ஆற்றுப் பகுதி மக்கள் அமைப்பு தகவல் பெறும் சட்டத்தின்கீழ் அதைக் கேட்டது. கம்பெனி மறுத்தது. உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 நவம்பரில், கொடுத்தே ஆக வேண்டும் என்றது. சுற்றுச்சூழல் விஷயத்தில் ரகசியத்துக்கு இடமில்லை என்று தீர்ப்பில் தெளிவாகவே எழுதினார்கள். அந்தத் தீர்ப்பை முழுவதும் படி, உன் பாடத்துக்கும் உதவும். தனியார் கம்பெனியிடமிருந்தும், உன் உரிமையைக் காக்கத் தேவை என்று காட்டினால், காகிதம் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சாட்ஸ்வொர்த்தில் இளைஞர்கள் “போராடி என்ன ஆகப்போகிறது” என்கிறார்கள். ஏதாவது ஜெயித்ததுண்டா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

உங்கள் ஊரிலேயே உண்டு. புல்புல் டிரைவ் கழிவுக் கிடங்கில் ஆலைகளின் நச்சுக் கழிவு கொட்டினார்கள். விரிவாக்கவும் பார்த்தார்கள். சாட்ஸ்வொர்த், உம்லாசி மக்கள் சேர்ந்து நின்று 2011இல் மூட வைத்தார்கள். அதில் முன்னின்ற டெஸ்மண்ட் டீசாவுக்கு 2014இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

ரிஃபைனரி நின்றுவிட்டது, நாற்றமும் இல்லை. இனி நமக்கும் அவர்களுக்கும் என்ன?
– ப்ளஃப் வாசகர்

ஐயா, நீங்கள் ப்ளஃபில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. 2001இல் உங்கள் பக்கத்து வீடுகளுக்கு அடியில் குழாயிலிருந்து பத்து லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் கசிந்தது நினைவிருக்கும். குடும்பங்களை வெளியேற்றினார்கள். எத்தனையோ ஆண்டு எண்ணெய் ஓடிய மண் ஆலை நின்ற மறுநாள் சுத்தமாகிவிடாது.

கேட்டோ ரிட்ஜில் தோர் கெமிக்கல்ஸ் என்ற ஆலை வெளிநாட்டுப் பாதரசக் கழிவை இறக்குமதி செய்து பதப்படுத்தியது. தொழிலாளர்களுக்கு விஷம் ஏறியது, சிலர் இறந்தார்கள். லண்டனில் வழக்குப் போட்டு 1997இல் 13 லட்சம் பவுண்ட் நஷ்டஈடு வாங்கினார்கள். பாதரச வேலையை 1990களிலேயே நிறுத்தியாகிவிட்டது. கழிவோ இருபது வருடத்துக்கு மேல் அதே கொட்டகையில் கிடந்தது. வேலை நின்றதும் பார்வை போய்விட்டது, அதுதான் காரணம்.

சாப்ரெஃப் ரிஃபைனரியை மத்திய எரிசக்தி நிதியம் என்ற அரசு நிறுவனம் 2024இல் ஒரு ரேண்டுக்கு வாங்கியது. எல்லோரும் விலையைப் பற்றிப் பேசினார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தப்படுத்தும் செலவு விற்றவருக்கா, வாங்கியவருக்கா? எவ்வளவு, எந்த ஆண்டுக்குள்? 2014இல் நடைமுறைக்கு வந்த மாசுபட்ட நிலம் பற்றிய சட்டப் பிரிவின்படி, நிலம் மோசமாகக் கெட்டிருந்தால் உரிமையாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா? சோதனைக் கிணறுகள் எங்கெங்கே இருக்கின்றன, கடைசியாக எப்போது தண்ணீர் எடுத்தார்கள், பெட்ரோலில் உள்ள நச்சுப் பொருளான பென்சீன் அதில் எவ்வளவு? சேமிப்பு முனையமாக மாறினாலும் டாங்குகளிலிருந்து ஆவி வரும், லாரிகள் வரும். அதற்குப் புதிய உரிமம் கேட்கும்போது பொதுமக்கள் கருத்துக்கு விளம்பரம் கொடுப்பார்கள், கெடு பெரும்பாலும் 30 நாள். உள்ளூர் இலவசப் பத்திரிகையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும். அதை வெட்டி எடுத்து, உங்கள் பெயரை “அக்கறையுள்ள தரப்பு” என்று பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்தவர்களுக்கு எல்லா அறிக்கையும் அனுப்பியாக வேண்டும். வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், அட்டவணைகளை நான் படித்துச் சொல்கிறேன்.